பின்னால் ஒன்றரைச் சுற்று: உயரம் குறைத்த ஒரு மாருதி 800

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். 2022 டிசம்பரில் அந்த மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவின் நடுவே தார் பெயர்ந்து, இரண்டு விரல் ஆழத்துக்கு ஒரு குழி. பின்சக்கரம் அதில் இறங்கி ஏறியதும் எங்கள் 1998 மாடல் மாருதி 800-இன் பின்பக்கம் அப்படியே எகிறி, ஓரடி தள்ளி வெளிப்பக்கமாக விழுந்தது. வேகம் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. தம்பி ஓட்டினான், பக்கத்தில் நான், பின்னால் அம்மாவும் அப்பாவும். எதிரே வண்டி வரவில்லை. தடுப்புச் சுவர் வரை இன்னும் இடம் இருந்தது. தம்பி ஸ்டீயரிங்கைப் பதறாமல் பிடித்துக்கொண்டான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கீழே வந்து ஆழியாறு அணைப் பக்கம் நிறுத்தியபோது அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கண்ணு, இந்தக் காரு முன்ன இப்படி இல்லடா. இப்பெல்லாம் பின்னால உக்காந்தா கட்ட வண்டில போற மாதிரி இருக்குது." ஓராண்டாகவே அம்மா இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள்தான் காதில் வாங்கவில்லை.

அந்த ஒரு வளைவில் என்ன நடந்தது, ஏன் நடந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்பதை அளவுகளோடு எழுதி வைக்கிறேன். பழைய 800, ஜென், எஸ்டீம் வைத்திருக்கும் எத்தனையோ பேர், ஸ்பிரிங்கை அறுத்துக் காரை இறக்கும் இதே வேலையை இதே மாதிரி செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் கட்டரை எடுப்பதற்கு முன் இதைப் படித்தால் போதும்.

வண்டியும் ஆசையும்

மாருதி 800 நம் ஊர்ச் சாலைகளுக்கு வந்தது 1983 டிசம்பரில். எங்களிடம் இருக்கும் வடிவம் 1986-இல் வந்த இரண்டாவது மாடல். கடைசி 800 தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது 2014 ஜனவரியில். 796 சி.சி., மூன்று சிலிண்டர், 12 அங்குல ரிம், 650 கிலோவை ஒட்டிய எடை. அப்பா 1998-இல் புதிதாக எடுத்தது. 2013-இல் பதினைந்து ஆண்டு முடிந்து, எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்டிப் பதிவைப் புதுப்பித்தோம். 2018-இல் மறுபடி. அடுத்தது 2023.

கோயம்புத்தூரில் இந்தக் காருக்கு ஒரு தனி மரியாதை உண்டு. இந்த ஊர்க்காரரான கரிவர்தன் 1980-களின் இறுதியில் ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கட்டியபோது அதில் மாட்டியது மாருதி 800-இன் இன்ஜினைத்தான். அதனால் இங்கே ஒரு இளைஞனுக்கு 800-ஐப் பார்த்தால் கிழவர் ஓட்டும் காராகத் தெரியாது. தம்பிக்கும் அப்படித்தான். 2021-இல் வண்டிக்குப் பெயின்ட் அடித்து, உள்ளே சீட் மாற்றி, அப்புறம் "லோ" பண்ண, அதாவது உயரத்தைக் குறைக்க, ஆசைப்பட்டான். அது தப்பான ஆசை என்று நான் நினைக்கவில்லை. சக்கர வளைவுக்கும் டயருக்கும் இடையே கை நுழையும் அளவு இடைவெளியோடு நிற்கும் கார், அந்த இடைவெளி குறைந்ததும் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல ஆகிவிடும். பார்க்க உண்மையிலேயே அழகு.

ஒரு பட்டறையில் அரை நாளில் வேலை முடிந்தது. முன்னால் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று, பின்னால் ஒன்றரைச் சுற்று அறுத்தார்கள். ஏன் பின்னால் கூடுதலாக? காலியாக நிற்கும் 800-இல் பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டுமானால் பின்னால்தான் அதிகம் இறக்க வேண்டும். இந்த ஒரு முடிவில்தான் எல்லாக் கோளாறும் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டேப்பை எடுத்தபோது

வால்பாறையிலிருந்து வந்த மறுநாள் காலை அளக்க ஆரம்பித்தோம். தரையிலிருந்து பாடி வரை அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் சேர்ந்து குழப்பும். அதனால் சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர்மேலே ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்தோம். ஒப்பிட ஒரு கார் வேண்டுமே. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் 800 வைத்திருக்கிறார். ஓட்டம் குறைவு, ஒரு நட்டுகூட மாற்றாத வண்டி. அவர் வீட்டு வாசலிலேயே நிறுத்தி அதையும் அளந்தோம். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்றார்.

எங்கள் கார் முன்னால் 38 மில்லிமீட்டர் கீழே. பின்னால் 51.

இந்த இரண்டு எண்ணையும் வைத்து ஒரு விஷயத்தை முதலில் தெளிவுபடுத்திக்கொண்டேன். ஒரு சுற்று அறுத்தால் கார் எவ்வளவு இறங்கும் என்று நிறையப் பேர் ஸ்பிரிங்கைக் கழற்றி, தரையில் வைத்து, சுற்றுக்குச் சுற்று இருக்கும் தூரத்தை அளப்பார்கள். அது தவறு. காரில் மாட்டி, காரின் எடை அதன் மேல் உட்கார்ந்திருக்கும்போது ஒரு சுற்றின் நடுவிலிருந்து அடுத்த சுற்றின் நடு வரை என்ன தூரமோ, அவ்வளவுதான் இறங்கும். வாத்தியார் காரில் அது பின்னால் சுமார் 30 மில்லிமீட்டர். ஒன்றரைச் சுற்றுக்கு 45. எங்கள் காரில் 51 இருந்தது. மிச்சம் 6 மில்லிமீட்டர், 24 ஆண்டில் ஸ்பிரிங் தானாகவே தளர்ந்து உட்கார்ந்தது. முன்னாலும் இதே கணக்கு: சுற்றுக்கு 30, தளர்ச்சி 8. பழைய காரை இறக்க நினைப்பவர் இதை மறக்கக் கூடாது. வயது ஏற்கெனவே கொஞ்சம் இறக்கி வைத்திருக்கும். அதன் மேல்தான் நாம் அறுக்கிறோம்.

அப்புறம் முக்கியமான அளவு. ஒவ்வொரு சக்கரமும் மேலே ஏறும்போது ஒரு கட்டத்தில் ரப்பர் முட்டும். பட்டறையில் பம்ப் ரப்பர் என்பார்கள். அதுவரைதான் ஸ்பிரிங்கின் வேலை, அதற்கு மேல் ரப்பரும் இரும்பும்தான். காலியாக நிற்கும் காரில் அந்த ரப்பர் முட்ட இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்தோம். வாத்தியார் காரில் பின்னால் 85 மில்லிமீட்டர். எங்களுடையதில் 34.

அடுத்து, நான்கு பேர் ஏறி உட்கார்ந்து அளந்தோம். வாத்தியார் காரின் பின்பக்கம் 48 மில்லிமீட்டர் இறங்கியது. 85-இல் 48 போனால் 37 மிச்சம். ஓடுவதற்கு அது போதும். எங்கள் காரில் ஸ்பிரிங் அறுபட்டதால் கடினமாகியிருக்கிறது, அதனால் இறக்கம் குறைவாகத்தான் இருக்கும், கணக்குப்படி 36. ஆனால் இருப்பதே 34. ஆக, நான்கு பேர் ஏறி உட்கார்ந்த உடனேயே, சாவியைத் திருகுவதற்கு முன்பே, கார் பம்ப் ரப்பரின் மேல் உட்கார்ந்துவிட்டது. கீழே குனிந்து பார்த்தபோது ரப்பர் நசுங்கியிருந்தது கண்ணுக்கே தெரிந்தது.

இந்த வண்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவருக்கு நான் சொல்லும் பதில் இந்த ஒரு கழித்தல் கணக்குதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றி வருவது.

பின்பக்கம் ஏன் தூக்கலாக இருந்தது

650 கிலோ காரில் நான்கு பேர் ஏறினால், ஆளுக்கு 65 என்று வைத்தால், 260 கிலோ. காரின் எடையில் 40 சதவீதம். 1,100 கிலோவைத் தாண்டிய அம்பாசடரில் அதே நான்கு பேர் ஏறினால் கால்வாசிகூட இல்லை. எடை குறைந்த காரில் ஆட்கள் பெரிய சுமை. அந்தச் சுமையில் பெரும்பகுதி பின்சக்கரங்களின் மேல் விழுகிறது. அதற்காகத்தான் பொறியாளர்கள் காலி 800-இன் பின்பக்கத்தைத் தூக்கலாக விட்டிருக்கிறார்கள். அந்த உயரம் அம்மா அப்பாவுக்காகவும் அவர்கள் பைகளுக்காகவும் ஒதுக்கி வைத்த இடம். கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிந்த அந்த இடைவெளியைத்தான் நாங்கள் ஒன்றரைச் சுற்றாக அறுத்து எடுத்தோம்.

தம்பி தனியாக ஓட்டும்போது கார் நன்றாகவே இருந்தது என்பதும் உண்மை. "டைட்டா, கோ கார்ட் மாதிரி இருக்கு அண்ணா" என்பான். அந்த டைட்டில் பாதி ஸ்பிரிங்கிலிருந்து வந்தது, மீதி பம்ப் ரப்பர் அடிக்கடி தொட்டுத் தொட்டு எழுந்ததிலிருந்து வந்தது. இரண்டையும் உடம்பால் பிரித்துணர்வது கஷ்டம். வழுவழுப்பான அவிநாசி சாலையில் ரப்பர் மெல்லத் தொடுவது ஸ்போர்ட்ஸ் கார் போலத் தோன்றும். வளைவில், குழியில், நான்கு பேரோடு, அது வேறு ஒன்று.

வளைவில் என்ன நடந்தது என்று இப்போது சொல்ல முடியும். கார் திரும்பும்போது பாரம் வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. முன்னால் எங்கள் காரில் ரப்பர் முட்ட இன்னும் 17 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது, அதனால் முன்பக்கம் சாய்ந்து கொடுத்தது. பின்னால் மிச்சம் எதுவும் இல்லை. ரப்பரின் மேல் உட்கார்ந்த பின்பக்கம் திடீரென்று பல மடங்கு கடினமாகிவிட்டது, பாரம் முழுக்க வெளிப்பக்கப் பின்டயருக்கே போனது. அந்த நேரத்தில் குழி. 800-இல் பின்னால் இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இணைந்தவை. ஸ்பிரிங் வாங்கிக்கொள்ள வேண்டிய அடியை ரப்பர் வாங்கி, அப்படியே பாடிக்குக் கொடுத்தது. டயர் தரையை விட்டது. தரையைத் தொடாத டயருக்குப் பிடிப்பு கிடையாது. கார் எகிறிய நேரம் கண் இமைப்பதற்குள்தான், ஆனால் அதற்குள் ஓரடி போய்விட்டது. மழை பெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

அறுத்த ஸ்பிரிங்கின் குணம்

ஸ்பிரிங் கம்பி என்பது முறுக்கப்படும் ஒரு நீண்ட கம்பி. சுற்று எத்தனை இருக்கிறதோ அதற்கு நேர் எதிராகக் கடினம் கூடும். கணக்குக்காக வேலை செய்யும் சுற்று ஆறு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை போனால் நாலரை. ஆறை நாலரையால் வகுத்தால் 1.33. அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கடினம். ஷாக் அப்சார்பர் மட்டும் பழையதே. ஸ்பிரிங் கடினமாகக் கடினமாக அதை அடக்க ஷாக்குக்கும் பலம் வேண்டும். அது கூடாததால், ஒரு முறை எகிறிய கார் அடங்க முன்பைவிட நேரம் எடுத்தது. இதோடு ஷாக்கின் தண்டு எப்போதும் உள்ளே தள்ளப்பட்ட நிலையில், பழக்கமில்லாத இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பின் ஷாக் இரண்டிலும் எண்ணெய் கசிந்திருந்தது. வயதும் காரணமாக இருக்கலாம், முழுப் பழியையும் அறுத்ததன் மேல் போட மாட்டேன்.

இன்னொன்றுதான் எனக்கு மிகவும் பயம் தந்தது. காரை ஜாக்கியில் தூக்கிப் பின்சக்கரம் முழுதாகத் தொங்கியபோது, ஸ்பிரிங் கையால் சுற்றும் அளவுக்கு லூசாக இருந்தது. மேலும் கீழும் சேர்த்து ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி. ஸ்பிரிங் குட்டையாகிவிட்டது, ஷாக் நீளும் நீளம் குறையவில்லை. சக்கரம் ஒரு பள்ளத்தில் தொங்கி மறுபடி ஏறும்போது ஸ்பிரிங் தன் இருப்பிடத்தில் சரியாக வந்து உட்காருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வேகத்தடை தாண்டும்போதெல்லாம் பின்னால் "டொக்" என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்ததற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. அறுத்த முனையும் நேராக வெட்டப்பட்டிருந்ததால், இருப்பிடத்தில் முழுதாகப் படியாமல் ஒரு ஓரத்தில் மட்டும் அழுத்தி, பெயின்டை உரித்து, துருப்பிடிக்க வைத்திருந்தது.

ஒரு விஷயத்தில் அந்தப் பட்டறை நல்லபடியாக நடந்துகொண்டது. கட்டிங் வீலில் அறுத்திருந்தார்கள். சில இடங்களில் கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டி ஸ்பிரிங்கைக் காரிலேயே "உட்கார" வைப்பார்கள். அதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. ஸ்பிரிங் எஃகுக்கு அதன் பதம்தான் உயிர். சிவக்கச் சூடாக்கினால் பதம் போய்விடும், அந்த இடத்தில் அது வெறும் கம்பி. ஒரு நாள் தளர்ந்து போகும், இல்லையென்றால் ஒடியும்.

முன்பக்கமும் வெளிச்சமும்

முன்னால் 38 மில்லிமீட்டர் இறங்கியதில் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) கிடந்த கோணம் மாறியது, டை ராடின் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) கோணமும் மாறியது, ஆனால் இரண்டும் ஒரே அளவில் மாறாது. அதனால் சக்கரங்களின் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் அவை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, தப்பியது. அறுத்தபோது யாரும் அலைன்மென்ட் பார்க்கவில்லை. முன்டயர் இரண்டும் உள்ஓரத்தில் மட்டும் தேய்ந்து, கையை வைத்தால் ரம்பம் போல இருந்தது. டயர் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. இதில் இன்னொரு நுணுக்கம்: மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக இருக்கும் அமைப்பு, 800-இன் முன்பக்கம் இதுதான்) உள்ள காரை இறக்கும்போது எடை மையம் எவ்வளவு இறங்குகிறதோ, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி அதைவிட வேகமாக இறங்கும். இரண்டுக்கும் இடைத்தூரம் கூடுவதால், அதே ஸ்பிரிங்காக இருந்தால் இறக்கிய கார் வளைவில் அதிகமாகச் சாயப் பார்க்கும். இறக்கினால் சாயாது என்று பொதுவாக நம்புவதற்கு இது நேர் மாறு.

பின்பக்கம் முன்பக்கத்தைவிட 13 மில்லிமீட்டர் அதிகமாக இறங்கியதால் மூக்கு தூக்கிவிட்டது. 2,175 மில்லிமீட்டர் வீல்பேஸில் (முன், பின் அச்சுகளின் இடைத்தூரம்) 13 என்றால், 25 மீட்டர் தூரத்தில் ஹெட்லைட் வெளிச்சம் 15 சென்டிமீட்டர் மேலே போகும். ஆட்கள் ஏறினால் இன்னும் மேலே. ராத்திரியில் எதிரே வருகிறவர்கள் எங்களுக்கு ஏன் டிப் அடித்துக்கொண்டே இருந்தார்கள் என்பதற்கும் விடை கிடைத்தது.

பின் அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் தண்டின் கோணம் மாறியதால் அச்சு ஒரு பக்கமாக 3 மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. தூக்குக் குண்டு கட்டிப் பார்த்தோம். அது பெரிய விஷயமில்லை.

வேகத்தடை

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வட்ட வளைவு. மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்கலாம். அப்படி ஒன்று கட்டியிருந்தால் 800-இன் இரண்டு அச்சும் அதன் மேலேயே ஏறி நிற்கும். அப்போது காரின் வயிறு இழப்பது வெறும் 35 மில்லிமீட்டர்தான். அதை எங்கள் இறக்கிய காரே தாண்டும்.

ஆனால் நம் ஊர்த் தெருக்களில் பெரும்பாலும் இருப்பது ஒரு முழ அகலத்தில் கரடு போலக் குவித்து வைத்தது. முன்சக்கரம் ஒரு பக்கம், பின்சக்கரம் ஒரு பக்கம், நடுவில் கரடு. அதன் உயரம் முழுவதையும் வயிறு தாங்க வேண்டும். 800-இன் தரை இடைவெளி 170 மில்லிமீட்டர். இறக்கியதில் சுமார் 45 போய் 125. நான்கு பேர் ஏறினால் 100-ஐ ஒட்டி வரும். 10 சென்டிமீட்டர் கரடு, 10 சென்டிமீட்டர் இடைவெளி. சைலன்சர் குழாயில் இரண்டு இடம் நசுங்கி, ஒரு தொங்கு ரப்பர் அறுந்திருந்தது. சம்ப் (இன்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) தப்பித்தது. சம்ப்பில் ஓட்டை விழுந்து எண்ணெய் வடிந்தது தெரியாமல் ஓட்டியிருந்தால் இன்ஜின் போயிருக்கும்.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறார்கள். 2023-இல் எஃப்.சி.க்குப் போக வேண்டிய காருக்கு இது வெறும் தகவல் இல்லை. ஆனால் நான் உண்மையைச் சொல்ல வேண்டும்: எங்களை மாற்ற வைத்தது சட்டம் இல்லை, அந்தக் கழித்தல் கணக்கு.

சரிசெய்தது

எங்கள் பக்கத்தில் முப்பது வருஷமாக 800 மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். அளவுகள் எழுதிய தாளை அவரிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தார். "தம்பி, இதெல்லாம் எழுதுனது சரிங்க. மொதல்ல நாலு ஸ்பிரிங்கும் புதுசு, நாலு ஷாக்கும் புதுசு போட்டுட்டு ஓட்டிப் பாருங்க. அப்புறம் எறக்கறதப் பத்திப் பேசலாம்" என்றார்.

அப்படியே செய்தோம். கம்பெனி ஸ்பிரிங் நான்கு, ஷாக் நான்கு, பம்ப் ரப்பர், முன் ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட்டும் பெயரிங்கும், லோயர் ஆர்ம் புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை), பின் ஆர்ம்களின் புஷ். புஷ் மாட்டும்போது அண்ணன் செய்த ஒன்றை எல்லோரும் செய்ய வேண்டும். போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்கி, காரைத் தரையில் இறக்கி, இரண்டு முறை அமுக்கி உட்கார வைத்து, சக்கரங்களின் மேல் காரின் எடை முழுதாக நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம் கொடுத்தார். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் அந்தக் கோணத்திலேயே பிடித்துக்கொள்ளும். கார் தரைக்கு வந்ததும் அது முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும், உயரத்தையும் கெடுக்கும். எங்கள் பழைய பின் புஷ்கள் கிழிந்திருந்த விதம் அதைத்தான் சொன்னது. காரை இறக்கியபோது யாரும் அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி இறுக்கவில்லை.

பின்பு அலைன்மென்ட், ஹெட்லைட் சரிபார்ப்பு, இரண்டு முன்டயர். 2023-இல் எஃப்.சி. வந்தபோது கார் தன் சொந்த உயரத்தில் நின்றது.

தம்பி முகம் வாடியிருந்தது. அவன் ஆசையை அப்படியே விட எனக்கு மனமில்லை. செட்டிபாளையத்தில் கரிவர்தன் பெயரில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே எங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை. அங்கே தனியாக, காலிக் காராக ஓட்ட ஒரு தனி ஸ்பிரிங் செட் செய்யலாம், ரோட்டுக்குக் கம்பெனி ஸ்பிரிங் என்று முடிவெடுத்தோம். 800-இல் நான்கு ஸ்பிரிங்கும் மாற்ற அரை நாள் போதும்.

இந்த முறை அறுக்கவில்லை, புதிதாகச் சுற்றினோம். கோவையில் அதற்கு ஆள் உண்டு. இ.என். 47 எஃகுக் கம்பி, சுற்றிய பிறகு பதம் ஏற்றி, சிறு எஃகுக் குண்டுகளை மேலே வீசி மேற்பரப்பைக் கெட்டிப்படுத்தி, கடைசியில் பிரஸ்ஸில் முழுதாக அமுக்கி விடுவார்கள். அப்படி அமுக்கும்போது நீளம் கொஞ்சம் குறையும். அங்கேயே குறைந்துவிடுவதால் காரில் மாட்டிய பிறகு தளராது. நாங்கள் கொடுத்த அளவு: முன்னால் 25 மில்லிமீட்டர், பின்னால் 20 மட்டும். ஓட்டுபவர் ஒருவர்தான் என்பதால் பின்னால் ரப்பர் முட்ட 65 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும், ஆள் ஏறியும் பெரிதாகக் குறையாது.

சிக்கல் ஒன்று இருந்தது. கடினமான குட்டை ஸ்பிரிங் என்றால் சக்கரம் தொங்கும்போது மறுபடி லூசாகும். அதற்குத்தான் ஒரு முனையில் மூன்று சுற்றை நெருக்கமாக, மென்மையாகச் சுற்றச் சொன்னோம். காரின் எடை ஏறியதும் அந்தச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒதுங்கிக்கொள்ளும், வேலை முழுவதும் மற்ற சுற்றுகளுடையது. சக்கரம் தொங்கும்போது அவை விரிந்து ஸ்பிரிங்கை இருப்பிடத்தை விட்டு நகராமல் பிடித்துக்கொள்ளும். கடையில் விற்கும் நல்ல லோயரிங் ஸ்பிரிங்குகளில் ஒரு முனை நெருக்கமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இதுதான். அறுத்த ஸ்பிரிங்கில் இந்த வசதி ஒருபோதும் கிடைக்காது.

ஷாக் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டை (வயர்களைக் கட்டும் பட்டை) கட்டி, அதைக் கீழே தள்ளி விட்டால், ஓட்டி முடித்த பிறகு தண்டு எவ்வளவு உள்ளே போய் வந்தது என்று அந்த டை நின்ற இடம் காட்டிவிடும். செலவு ஒரு ரூபாய். முதல் நாள் டிராக்கில் பத்து சுற்று ஓட்டிவிட்டுப் பார்த்தபோது பின்னால் ரப்பர் முட்ட இன்னும் 22 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. தம்பி அந்த டையைப் படம் பிடித்து வைத்திருக்கிறான்.

கம்பெனி ஸ்பிரிங்கோடு மறுபடி வால்பாறை போய் வந்தோம். அதே நான்கு பேர், அதே டை. இறங்கும்போது அந்த வளைவில் குழியை மூடியிருந்தார்கள், ஆனால் கீழே இன்னொன்று இருந்தது, அதைவிடப் பெரியது. கார் இறங்கி ஏறி, ஒரு முறை அசைந்து, அடங்கியது. அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தபோது டைக்கும் ரப்பருக்கும் இடையே 9 மில்லிமீட்டர் இருந்தது.